நின்றவரை ஓடியவர் என்று எழுதாதீர்கள்

அம்பத்தூர், திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை வட்டாரக் கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் எழுதுவது.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. உங்கள் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகள், வேலையில் சேரும்போது ஆதாருக்கும் மார்க் ஷீட்டுக்கும் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வருவார்கள். வேலையை விட்ட பிறகு, நீங்கள் அனுப்பிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் வருவார்கள். "ஐயா, இதுல என்ன போட்டிருக்கு? ஒரு பதில் அடிச்சுக் குடுங்க."

கடை போடுவதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். மஸ்டர் ரோல், லீவ் கார்டு, ஷோ காஸ், என்கொயரி எல்லாம் பழகிய கை. அந்த உரிமையில் சொல்கிறேன்: உங்கள் கடிதங்களில் ஒரு சொல் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். 'அப்ஸ்காண்டிங்' என்ற சொல்.

எந்தக் கம்பெனியின் லெட்டர்ஹெட்டாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கடிதம்தான். யாரோ என்றைக்கோ அடித்ததை எல்லோரும் காப்பி எடுத்துப் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுகிறீர்கள். சில கடிதங்களில் பெயரைக்கூடச் சரியாக மாற்றுவதில்லை. மேலே ஒரு பையன் பெயரும் கீழே ஒரு பெண் பெயரும் இருந்த கடிதத்தை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சப்ஜெக்ட் வரியில் தடித்த எழுத்தில் அந்த ஒரு சொல் மட்டும் தவறாமல் இருக்கும்.

செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவன், கான்ட்ராக்டர் மூலம் டிரெய்னியாகச் சேர்ந்தவன், அப்படி ஒரு கடிதத்தோடு வந்தான். கூடவே அவன் அம்மா. கடிதத்தைப் போனில் போட்டோ எடுத்துத் தமிழாக்கிப் பார்த்திருக்கிறான். போன் 'தலைமறைவு' என்று காட்டியிருக்கிறது. அந்தச் சொல்லை அந்த அம்மா தினத்தந்தியில்தான் பார்த்திருக்கிறார், அதுவும் கொலைச் செய்திகளில். கடையில் நின்ற அரை மணி நேரமும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "போலீஸ் வருமாங்க?" பையன் செய்த குற்றம், அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததால் ஊருக்குப் போய், சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸப் அனுப்பிவிட்டு, திரும்பி வராமல் இருந்தது. சூப்பர்வைசர் அந்தச் செய்தியை உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் அவரைக் கேட்கவில்லை.

இந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொன்னால் உங்களுக்கே அதை எழுதக் கை வராது என்று நினைக்கிறேன். எனக்கு இதில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போவதற்கு முன்னால் அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஸ்கீட்டின் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி இன்னும் லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கரண்ட் போகும்போது அதைத்தான் புரட்டுவேன்.

லத்தீனில் 'காண்டெரே' என்றால் சேர்த்து வைப்பது, பத்திரப்படுத்துவது. முன்னால் 'அப்ஸ்' சேர்ந்தால் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பது. சுடர் வெளியே தெரியாமல் மூடிக் கொண்டுபோகும் விளக்குக்கும் இந்த வேரிலிருந்தே லத்தீனில் பெயர் வைத்தார்கள். பெரிய ஓட்டல்களில் சுவரில் மாட்டியிருக்கும் 'ஸ்கான்ஸ்' விளக்கு அந்தப் பெயரின் மிச்சம். மனிதரைக் குறித்து இந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, கடன்காரரிடமிருந்தும் கோர்ட் சம்மனிலிருந்தும் ஒளிபவரைப் பற்றிக்கொண்டது. இன்றுவரை விடவில்லை.

நம் நாட்டில் அது சட்டத்தில் உள்ள சொல். வாரண்ட் பிறப்பித்த பிறகும் பிடிபடாமல் ஒளிந்திருப்பவரைப் பிரகடனம் செய்து தேடும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 82. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 84. அந்தப் பிரிவின் தலைப்பிலேயே இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. அதை ஒருவர் மேல் போட ஒரு வாரண்ட் வேண்டும், ஒரு கோர்ட் வேண்டும், அவர் ஒளிந்திருக்கிறார் என்று அந்தக் கோர்ட் நம்பக் காரணம் வேண்டும். உங்களிடம் இருப்பது பயோமெட்ரிக் மெஷின் கொடுத்த ஒரு எக்ஸெல் ஷீட். செய்யாற்றுப் பையன் ஒளியவும் இல்லை. அப்ளிகேஷன் ஃபாரத்தில் அவன் எழுதிக் கொடுத்த அதே விலாசத்துக்குத்தான் உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தது.

ஓடிப்போவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் மற்றச் சொற்களையும் வரிசையாகப் பார்த்தேன். ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஓடியவர் சொன்ன சொல் அதில் அனேகமாக ஒன்றும் இல்லை. விட்டுவிட்டுப் போகப்பட்டவர் வைத்த பெயர்கள்தான் எல்லாம்: எஜமான், புருஷன், படைத்தலைவன், கடன் கொடுத்தவன்.

'எலோப்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் காதல் ஜோடி ஊரை விட்டுப் போவதற்குச் சொல்கிறோம். ஆரம்பத்தில் அது இங்கிலாந்து வக்கீல்கள் பேசிய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். புருஷனை விட்டுவிட்டு இன்னொருவனோடு போன மனைவியைக் குறித்தது. சொத்து சம்பந்தப்பட்ட விவகாரம் அது. 1285-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டப்படி, அப்படிப் போய் வாழ்பவளுக்குக் கணவன் இறந்த பிறகு அவன் நிலத்தில் கிடைக்க வேண்டிய பங்கு கிடையாது. பிறகு வேலைக்காரர்களும் அடிமைகளும் ஓடினாலும் அதே சொல்லைப் போட்டார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சொல்லாமல் வெளியே போய்விடும் நோயாளிக்கு இன்றும் 'எலோப்மென்ட்' என்றுதான் எழுதுகிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கேஸ் ஷீட்டில் 'அப்ஸ்காண்டட்' என்று எழுதுவார்கள். பில் கட்டிவிட்டு, கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போன பாட்டிக்கும் அதே சொல்தான்.

'டெஸர்ட்' என்றால் படையை விட்டு ஓடுவது. லத்தீனில் கோத்ததை அவிழ்ப்பது என்று பொருள். ஆள் இல்லாமல் கைவிடப்பட்ட நிலம் என்று பாலைவனத்துக்கும் அதே வேர்தான். நம் புலவர்கள் உடன்போக்கைப் பாலைத் திணையில் வைத்தார்கள் என்பது இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. அவர்களுக்கும் ஸ்கீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் காதலனோடு காட்டு வழியே போகும் பெண்ணின் பக்கத்தில் நின்று பாடிய மொழியில்தான் பிற்பாடு 'ஓடுகாலி' என்ற வசவும் முளைத்தது. அதை அனேகமாகப் பெண்களைக் குறித்தே சொல்கிறார்கள். அதை யார் உண்டாக்கியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

'டீகேம்ப்' பிரெஞ்சுக்காரர்கள் பாளையத்தைக் காலி செய்வதற்குச் சொன்னது. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத அளவுக்கு நம் இங்கிலீஷ் பேப்பர்களில் நகையோடு ஓடும் திருடர்களுக்கு அது நேர்ந்துவிடப்பட்டிருக்கிறது. 'மரூன்' கொஞ்சம் பெரிய கதை. காட்டுக்குள் ஓடிப்போன மாட்டை ஸ்பானியர்கள் 'சிமரோன்' என்றார்கள். பிறகு கரும்புத் தோட்டத்திலிருந்து ஓடிய ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே கணக்குப் புத்தகம். ஜமைக்காவில் அந்த மரூன்கள் மலையில் நின்று சண்டை போட்டு, 1739-ல் ஆங்கிலேயரைத் தங்களோடு உடன்படிக்கை செய்ய வைத்தார்கள்.

இதற்கும் மேலே போனவர் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க டாக்டர். அடிமை ஏன் ஓடுகிறான் என்று யோசித்து, அது ஒரு நோய் என்று 1851-ல் கட்டுரை எழுதினார். கிரேக்கத்தில் ஓடிப்போன அடிமைக்கு உள்ள சொல்லையும் பைத்தியத்துக்கு உள்ள சொல்லையும் ஒட்டி 'டிரேப்பட்டோமேனியா' என்று பெயர் சூட்டினார். சிகிச்சை? சவுக்கடி. ஓடுவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டால் நல்லது என்றார். ஓடுபவரை ஓட வைத்தது எது என்று கேட்காமல், ஓட்டத்துக்கு ஒரு பெயர் மட்டும் வைத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வேலையை விட்டு நிற்பவர்களை 'அட்ரிஷன்' என்று சதவீதம் போடுகிறீர்களே, அதுவும் தேய்மானம் என்ற அர்த்தத்தில் வந்த சொல்தான். ஆனால் அது யாரையும் திருடன் என்று சொல்லவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

ஓடுபவர் பக்கம் நிற்கும் ஒரே சொல் 'எஸ்கேப்' என்று எனக்குத் தோன்றுகிறது. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'காப்பா' என்றால் மேலங்கி. பிடிக்க வந்தவன் கையில் அங்கியை விட்டுவிட்டு ஆள் நழுவிவிடுகிறான். லண்டன் தெருக்களில் சொல்லும் 'ஸ்கார்ப்பர்' இத்தாலி வழியாக வந்த அதன் உடன்பிறப்பு. நம் பையன்கள் எத்தனையோ இங்கிலீஷ் சொல்லை விட்டுவிட்டு இதை மட்டும் சரியாகப் பொறுக்கி, வாலையும் வெட்டி, 'எஸ் ஆயிட்டான்' ஆக்கினார்கள். அதில் வசவு இல்லை, ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கிறது. கம்பி நீட்டினான், டிமிக்கி கொடுத்தான், ஜூட் விட்டான் எல்லாவற்றிலும் பாதி சிரிப்பு கலந்தே இருக்கிறது.

மற்றச் சொற்களெல்லாம் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். இந்தச் சென்னைப் பட்டணத்திலேயே வேலையை விட்டுப் போவது ஜெயில் குற்றமாக இருந்தது. 1859-ஆம் ஆண்டின் 13-வது சட்டம். கல்கத்தா வெள்ளைக்கார வியாபாரிகள் சங்கம் கேட்டு வாங்கியது. கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மூன்று பட்டணங்களுக்கும் முதலில் வந்து, பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். மாஜிஸ்திரேட் பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடித்துக் கொடு என்று உத்தரவிடுவார். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில். அதே ஒப்பந்தத்தை முதலாளி மீறினால்? சம்பளம் தராவிட்டால் அவருக்கு ஜெயில் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. 1860-ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலும், எஜமான் செலவில் தூர ஊருக்குக் கூட்டிப்போகப்பட்ட வேலைக்காரன் வேலையை விட்டால் தண்டிக்க 492 என்று ஒரு பிரிவு இருந்தது. 1925-ல் ஒரு ரத்துச் சட்டம் வந்து இரண்டையும் எடுத்தது. அதாவது, உங்கள் கடிதத்தில் இருக்கும் மிரட்டலுக்குச் சட்டத்தில் இருந்த இடம் காலியாகி நூறு வருஷம் ஆகிவிட்டது.

அதற்கும் முன்னால் இந்த மண்ணில் வேறு ஒரு வழக்கம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி எழுதிய ஆராய்ச்சி நூலில் அது வருகிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளர், வேறு நல்ல விலை கிடைத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வியாபாரியால் அப்படி முறிக்க முடியாது. பிடிக்காவிட்டால் தறியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். நெசவாளர் வேண்டும் என்று அங்கே கூப்பிட்டு வைத்துக்கொள்ள ஆள் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி வந்து, நெசவாளர்கள் தலைமாட்டில் பியூன்களை நிறுத்தி, வேறு யாருக்கும் துணி விற்கக்கூடாது என்று கட்டிய பிறகுதான் போவது குற்றமாயிற்று. நான் குடியிருக்கும் வேலப்பன்சாவடி, பக்கத்தில் குமணன்சாவடி, கரையான்சாவடி என்று இந்த ரோடு நெடுகச் சாவடிகள். போகிறவர் வருகிறவர் தங்கிப் போன இடங்கள். ஆள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதை நம்பி உண்டான ஊர்களில் இருந்துகொண்டு நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதுகிறீர்கள்.

கடல் தாண்டிப் போனவர்கள் கதை இன்னும் மோசம். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து மொரீஷியஸுக்குக் கரும்பு வெட்டப் போன தமிழர்களால் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தப்ப முடியவில்லை. அங்கே 1867-ல் வந்த சட்டப்படி, ஒவ்வொருவரும் போட்டோ ஒட்டிய டிக்கெட்டை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் ரோட்டில் நடந்தால் நாடோடி என்று பிடித்துப் போடுவார்கள். 1871-ல் அடால்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி அவர்களுக்காக ஒரு மனு எழுதி, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி கவர்னரிடம் கொடுத்தார். அதன் பிறகுதான் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது. போட்டோ ஒட்டிய அடையாள அட்டை உங்கள் கழுத்திலும் தொங்குகிறது. எனக்கு லேமினேஷன் வருமானமே அதில்தான். அதனால் அட்டையைக் குறை சொல்லவில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஓடிய கூலிகளைத் துரைமார் 'போல்ட்டர்' என்றார்கள். 'போல்ட்' என்றால் பழைய ஆங்கிலத்தில் அம்பு. விட்ட அம்பு மாதிரி பாய்ந்து ஓடும் குதிரைக்கு அந்தச் சொல் வந்து, அங்கிருந்து ஆளுக்கும் வந்தது. அங்கே நம் தமிழ்ச் சொல் ஒன்றும் இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தில் ஏறியது: 'துண்டு'. கங்காணியும் அவன் கும்பலும் தோட்டத்துக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் விட்டுவிடத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆட்கள் அங்கே போகலாம். துண்டு இல்லாதவரை எவரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். கடன் ஏறிக்கொண்டே போகும், ஆள் கைமாறிக்கொண்டே இருப்பார். 1921-ல் துண்டு முறையை இலங்கை அரசு சட்டம் போட்டு ஒழித்தது.

ஒழித்ததா? ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த கம்பெனியில் சேர முடியவில்லை என்று என் கடையில் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துண்டு ஞாபகம்தான் வருகிறது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்காரர் போன் செய்வார், நீங்கள் ஃபைலைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொல்வீர்கள், அங்கே வேலை போய்விடும். எதற்காக வரவில்லை, எத்தனை மாதச் சம்பளம் பாக்கி, எல்லாம் அந்தச் சொல்லுக்குக் கீழே மறைந்துவிடும்.

வளைகுடா போய் வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. அவர்களிடம் 'ஹுரூப்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அரபியில் ஓட்டம் என்று பொருள். சவூதியில் முன்பெல்லாம் முதலாளி ஒருவரை அப்படிப் பதிவு செய்துவிட்டால் அவருடைய இகாமா என்ற குடியிருப்பு அனுமதி செல்லாததாகி, சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவர் ஆகிவிடுவார். சம்பளம் கேட்டவர்மேல் பழி வாங்க அதைப் போட்ட முதலாளிகளைப் பற்றி அங்கே இருந்து வந்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகம் இந்தப் புகாருக்கு இப்போது வைத்திருக்கும் பெயர் 'வேலையைக் கைவிட்டது' என்பது. அமீரகமே 'அப்ஸ்காண்டிங்' என்ற சொல்லை அந்த ஃபாரத்திலிருந்து எடுத்த பிறகு, அம்பத்தூரில் நாம் எதற்கு அதைக் கட்டி அழ வேண்டும்?

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பெரம்பூர் பின்னி மில்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக். லீவில் போன தொழிலாளி ஒருவர் உடம்பு சரியில்லாமல் 1957-ல் குறித்த நாளில் திரும்பவில்லை. டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு வந்தார், மில் சேர்த்துக்கொள்ளவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1963-ல் மில் ஜெயித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்காது, அது வேறு விஷயம். நான் காட்ட வந்தது மில்லின் நிலையாணையை, அதாவது ஸ்டாண்டிங் ஆர்டரை. அனுமதியில்லாமல் தொடர்ந்து எட்டு வேலை நாள் வராதவர், முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படுவார் என்றுதான் அதில் இருந்தது. வெள்ளைக்காரன் ஆரம்பித்த மில், தொழிற்சங்கத்தோடு 1918 முதல் மல்லுக்கட்டிய மில், வேலை போயிற்று என்று சொல்லவும் தயங்காத மில். அதுகூடத் தொழிலாளியை ஓடி ஒளிந்தவர் என்று எழுதவில்லை.

அதற்குப் பிறகு சட்டம் இன்னும் நகர்ந்துவிட்டது. 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில், எட்டு நாள் வரவில்லை என்று பெயரை அடித்த கம்பெனியைப் பார்த்துச் சுப்ரீம் கோர்ட் சொன்னது: நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும், ஒருவர் பிழைப்பைப் பறிப்பதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும், விசாரிக்க வேண்டும். யாதவ் கேட்டுக்கு வந்தார், உள்ளே விடவில்லை என்பது அவர் தரப்பு. கோர்ட் அவரைப் பாதிச் சம்பளப் பாக்கியோடு வேலையில் சேர்க்கச் சொன்னது. 2020-ல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் நிலையாணைக்கு இடம் இருக்கிறது, ஆகவே இந்தப் பேச்சு உங்கள் காலத்திலும் தொடரும். நோட்டீஸ் கொடுக்காமல் போனவரிடம் நோட்டீஸ் காலச் சம்பளம் கேட்கலாம். டிரெய்னிங் செலவு உண்மையாக ஆகியிருந்தால் நியாயமான இழப்பீடும் கேட்கலாம். அவரைப் பிடித்து வந்து வேலை செய்ய வைக்கச் சொல்லி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது.

பி.எஃப். போர்ட்டலைத் திறந்து பாருங்கள். வேலையை விட்ட காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். ஓய்வு, இறப்பு, நிரந்தர ஊனம், பணி நிறுத்தம் என்று பட்டியல். உங்கள் சொல் அதில் இல்லை. விட்ட தேதியை நீங்கள் போடாமல் இழுத்தடித்தாலும், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தானே போட்டுக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. என் கடையில் அதற்கு முப்பது ரூபாய் வாங்குகிறேன்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. திங்கட்கிழமை காலையில் பஸ் வந்து நிற்கும், பத்துப் பேர் ஏற மாட்டார்கள். போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். லைன் நின்றுபோகும், பிளான்ட் மேனேஜர் உங்களைத்தான் பிடித்து உலுக்குவார். கம்பெனி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்களும் உண்டு. அவர்கள்மேல் தாராளமாகப் போலீஸில் புகார் கொடுங்கள், இங்கிலீஷ் பேப்பர்காரர்கள் 'டீகேம்ப்' என்று எழுதிக்கொள்ளட்டும். ஒரு வார்த்தை சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்பதை வருகிற பையன்களிடம் நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்: "இன்டர்வியூ முடிச்சு, சொல்லி அனுப்புறோம்னு சொன்ன எச்.ஆர். எத்தனை பேர் சார் சொல்லி அனுப்பினாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்படி மறைவதற்கு இப்போது 'கோஸ்டிங்' என்று பெயராம். பேய் ஆவதில் இரண்டு தரப்பும் சமம்.

ஜப்பானில் ராஜினாமாவை முதலாளியிடம் சொல்லவே பயந்து, அதைச் சொல்ல ஆள் வைக்கிறார்கள். 2017 முதல் 'எக்ஸிட்' என்று ஒரு கம்பெனி காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காகப் போன் செய்து, இவர் நாளையிலிருந்து வரமாட்டார் என்று சொல்லிவிடும். நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. போனை ஆஃப் செய்கிறார்கள். சொன்னால் விடமாட்டார்கள், சர்ட்டிபிகேட்டைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள், சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்துவார் என்ற பயம். ஒரு லைனிலிருந்து மட்டும் மாதாமாதம் நாலு பேர் சொல்லாமல் போகிறார்கள் என்றால், கடிதம் போக வேண்டிய விலாசம் செய்யாறு இல்லை, அந்த லைனின் சூப்பர்வைசர் மேஜை. டைம் ஆபீஸில் எங்களுக்கு அது தெரியும். எந்த ஷிஃப்டில் ஆள் நிற்கவில்லை என்பதை மஸ்டர் ரோலைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

எங்கள் டைம் ஆபீஸில் யாராவது வராமல் போனால், "அவன் எங்கப்பா?" என்று கேட்டால், பக்கத்து மெஷின்காரர் சொல்வார்: "நின்னுட்டான் சார்." ஓடினவர் என்று சொல்லத் தோன்றவே தோன்றாது. வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் அதிலிருந்து நின்றார். நீங்களும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறீர்கள், "அக்கா வேலைய விட்டு நின்னுட்டாங்க" என்று. ஆபீஸுக்கு வந்து லெட்டர்ஹெட்டைத் திறந்ததும் அதே ஆளை ஏன் ஓட விடுகிறீர்கள்?

என் யோசனை சின்னது. சப்ஜெக்ட் வரியில் 'பணிக்கு வராமை குறித்து' என்று போடுங்கள். இங்கிலீஷில் எழுதினால் 'ஆப்சென்ஸ்' போதும். கீழே இப்படி எழுதலாம்: 'தாங்கள் இன்ன தேதி முதல் பணிக்கு வரவில்லை. காரணத்தை இந்தத் தேதிக்குள் நேரிலோ போனிலோ தெரிவிக்கவும். பணியைத் தொடர விருப்பம் இல்லையென்றால் அதையும் தெரிவிக்கவும். தங்களுக்குச் சேர வேண்டிய கணக்கை முடித்துத் தருகிறோம்.' இதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி அடித்து வைத்திருக்கிறேன். படித்துப் பார்க்கும் அம்மாவுக்கும் புரியும், நாளைக்குக் கோர்ட்டில் காட்டினாலும் உங்களுக்குத்தான் நல்லது. பழைய ஃபைல்களில் அந்தச் சொல் இருக்கும் பிள்ளைகளுக்கு வெரிஃபிகேஷன் போன் வந்தால், இன்ன தேதி சேர்ந்தார், இன்ன தேதி வரை வேலை செய்தார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பென் டிரைவ் கொண்டுவந்தால் மாதிரிக் கடிதத்தைக் காப்பி போட்டுத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். வாட்ஸப்பில் கேட்டாலும் அனுப்புவேன், நம்பர் கடை போர்டில் இருக்கிறது. காலை ஒன்பதுக்குத் திறப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை மட்டும்.

இப்படிக்கு,
வேலப்பன்சாவடி ஜெராக்ஸ் கடைக்காரன்